பிள்ளை பார்க்க வருபவருக்குச் சம்பளத்துடன் லீவு: ஒன்ராறியோச் சட்டமும் எங்கள் வழக்கமும்

ஆடி மாதம் நெருங்கும்போது ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் எங்கள் வீடுகள் பரபரப்பாகிவிடும். நல்லூர்த் திருவிழாவுக்கு நான்கு கிழமை ஊருக்குப் போக ரிக்கற் எடுத்தாயிற்று. பெட்டி கட்டத் தொடங்கியாயிற்று. பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லியாயிற்று. கிழமையில் மூன்று நாள் வந்து சின்னப் பிள்ளையைப் பார்க்கிற அன்ரிக்கு அந்த நான்கு கிழமையும் சம்பளம் உண்டா என்ற பேச்சு மட்டும் எழுவதில்லை. எங்களுக்கு அது நினைவில் வருவதில்லை. அவருக்கு நினைவில் இருக்கும், ஆனால் வாய்விட்டுக் கேட்கமாட்டார். "தம்பியாக்கள் சந்தோசமாப் போட்டு வாங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அந்த மாத வாடகைக்கு யாரிடம் மாறுவது என்று யோசிப்பார்.

"அவ எங்கட வீட்டு ஆள் மாதிரி" என்று நாங்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்த உறவுமுறையே அவரது வாயைக் கட்டியும் விடுகிறது. அன்ரி என்று கூப்பிடுபவரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று அவர் நினைக்கிறார். அன்ரியிடம் கணக்குப் பேசுவது அந்நியத்தனம் என்று நாங்கள் நினைக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் சட்டம் அவருக்குக் கொடுத்த பணம் காணாமல் போகிறது. அந்தச் சட்டம் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, அந்த இடைவெளியில் நாங்கள் என்ன செய்யலாம் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

யார் தொழிலாளி?

ஒன்ராறியோவில் வேலை, சம்பளம், லீவு ஆகியவற்றின் குறைந்தபட்ச விதிகளை வேலைவாய்ப்புத் தரநிலைகள் சட்டம், 2000 வகுக்கிறது. பிள்ளை, முதியவர் அல்லது மாற்றுத்திறனாளி ஒருவரைப் பராமரிக்க ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டில் வேலைக்கு வைப்பவர் அந்தச் சட்டத்தில் 'வீட்டுப் பணியாளர்'. முழுநேரம், பகுதிநேரம் என்ற பேதம் அங்கு இல்லை. கிழமையில் ஆறு மணித்தியாலம் வந்தாலும் அவர் தொழிலாளிதான், நாங்கள் தொழில் கொடுப்பவர்கள்தான். கலியாண வீட்டுக்குப் போகும் ஓர் இரவு மட்டும் பிள்ளையைப் பார்க்க எப்போதாவது வருபவர் வீட்டுப் பணியாளர் என்ற வரைவிலக்கணத்துக்குள் வரமாட்டார்.

எங்களிடையே பரவலாக உள்ள இன்னொரு ஏற்பாடு, பிள்ளையை அன்ரியின் அபார்ட்மென்ற்றில் கொண்டுபோய் விடுவது. அது வேறு கதை. தன் வீட்டில், தன் நேரத்தில், இரண்டு மூன்று குடும்பங்களின் பிள்ளைகளைப் பார்ப்பவர் பெரும்பாலும் சுயதொழில் செய்பவராகவே கணிக்கப்படுவார். அவருக்கு லீவுப் பணம் உண்டா என்பது இரு தரப்பும் பேசி வைத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

எங்கள் வீட்டுக்கு, நாங்கள் சொல்லும் நேரத்துக்கு வந்து, எங்கள் சொற்படி வேலை செய்பவரை 'கொன்ராக்ரர்' என்று எழுதிவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். தாளில் எழுதிய பெயரை வைத்துச் சட்டம் முடிவெடுப்பதில்லை, வேலை நடக்கும் விதத்தைத்தான் பார்க்கும். 'எனக்கு லீவுப் பணம் வேண்டாம்' என்று அவரே கையெழுத்திட்டாலும் அது செல்லாது. சட்டத்தின் குறைந்தபட்ச உரிமைகளை எவரும் எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது.

லீவு நாளும் லீவுப் பணமும்

இவை இரண்டு தனித்தனி உரிமைகள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, நாள். ஒருவர் 12 மாதம் வேலை செய்து முடித்தால் இரண்டு கிழமை லீவு உண்டு. ஒரே வீட்டில் ஐந்து வருடம் ஆகிவிட்டால் அது மூன்று கிழமை. கிழமையில் மூன்று நாள் வருபவருக்கு இரண்டு கிழமை என்பது அவரது ஆறு வேலைநாள். ஒரு வருடத்துக்குரிய லீவை அந்த வருடம் முடிந்து பத்து மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, பணம். அந்த வருடத்தில் அவர் உழைத்த மொத்தச் சம்பளத்தில், கழிவுகளுக்கு முந்திய தொகையில், குறைந்தது 4 வீதம். ஐந்து வருடம் ஆனவருக்கு 6 வீதம். மூன்று கிழமையும் 6 வீதமும் 2018ஆம் ஆண்டு தை மாதம் நடைமுறைக்கு வந்தவை. அதற்கு முன்பிருந்த கணக்கை இன்றும் பிடித்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

ஓர் உதாரணம். கிழமையில் மூன்று நாள், நாளுக்கு 6 மணித்தியாலம், மணிக்கு 20 டொலர் என்று வைப்போம். 2025 ஐப்பசி 1 முதல் ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17 டொலர் 60 சதம் என்பதையும் மனதில் வைத்திருங்கள். கிழமைக்கு 360 டொலர். 52 கிழமையும் வந்தால் 18,720 டொலர். அதில் 4 வீதம் 748 டொலர் 80 சதம். 'இரண்டு கிழமைச் சம்பளம் கொடுத்தால் சரி' என்று 720 டொலரைக் கொடுப்பவர் அறியாமலே 28 டொலர் 80 சதம் கடன்படுகிறார். இடையிடையே கூடுதல் மணித்தியாலம் வேலை வாங்கியிருந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். கிழமைக் கணக்கில் போகாமல் வீதக் கணக்கிலேயே கொடுக்கவேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பணத்தைப் பொதுவாக லீவு தொடங்குமுன் ஒரே தொகையாகக் கொடுக்கவேண்டும். வங்கிக் கணக்கில் நேரடியாகச் சம்பளம் இடுபவர்கள் அந்த லீவுக் காலத்துக்குரிய வழமையான சம்பள நாளில் கொடுக்கலாம். தொழிலாளி எழுத்தில் சம்மதித்தால் ஒவ்வொரு சம்பளத்தோடும் 4 வீதத்தைச் சேர்த்துக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் சம்பளத் துண்டில் அது தனி வரியாகத் தெரியவேண்டும். 'மணிக்கு 20 டொலர், லீவுப் பணமும் அதற்குள்' என்று வாயால் சொல்வது போதாது.

பகுதிநேர வேலையில் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுப்பதே சுலபம் என்று பலர் அதைத் தெரிவு செய்கிறார்கள். அதில் ஒரு பொறி உண்டு. பணம் முன்பே போய்விட்டாலும் நாள் போய்விடவில்லை, இரண்டு கிழமை ஓய்வை அப்போதும் கொடுக்கவேண்டும். ஆனால் ஓய்வு வரும்போது கையில் பணம் இருக்காது. அதனால் அன்ரி ஓய்வே எடுக்கமாட்டார். 'லீவு வேண்டாம், காசாகத் தாங்கோ' என்று அவரே கேட்டாலும் லீவு நாளை விட்டுக்கொடுக்க இருவரின் சம்மதத்தோடு வேலைவாய்ப்புத் தரநிலைகள் பணிப்பாளரின் அனுமதியும் வேண்டும். ஒரு தொகையாகச் சேர்த்து வைத்து லீவுக்கு முன் கொடுப்பதே நல்லது என்பது எங்கள் எண்ணம்.

ஒன்பது பொது விடுமுறைகள்

ஒன்ராறியோவில் பொது விடுமுறை ஒன்பது: புத்தாண்டு, குடும்ப தினம், பெரிய வெள்ளி, விக்ரோறியா தினம், கனடா தினம், தொழிலாளர் தினம், நன்றி நவிலல் தினம், நத்தார், அதற்கு மறுநாளான பொக்சிங் டே. ஆவணி முதல் திங்கள் இதில் இல்லை. தைப்பொங்கலும் தீபாவளியும் மாவீரர் நாளும் இல்லை.

பொது விடுமுறைக்குரிய பணம் பகுதிநேரத்தவருக்கும் உண்டு. விடுமுறை வரும் கிழமைக்கு முந்திய நான்கு கிழமைகளின் வழமையான சம்பளத்தையும் அக்காலத்துக்குரிய லீவுப் பணத்தையும் கூட்டி 20ஆல் பிரிக்கவேண்டும். எங்கள் உதாரணத்தில் நான்கு கிழமைச் சம்பளம் 1,440 டொலர். 20ஆல் பிரித்தால் 72 டொலர். லீவுப் பணம் சம்பளத்தோடு கொடுக்கப்படுகிறதென்றால் 57 டொலர் 60 சதத்தையும் கூட்டவேண்டும், அப்போது 74 டொலர் 88 சதம் வரும். ஐந்து நாளில் மூன்று நாள் வருபவருக்கு ஒரு நாள் சம்பளமான 120 டொலரில் ஐந்தில் மூன்று பங்கு என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

அதிகம் பேர் தவறவிடும் இடம் அடுத்தது. அன்ரி வருவது செவ்வாய், புதன், வியாழன் என்று வைப்போம். விக்ரோறியா தினம் திங்கட்கிழமை வருகிறது. 'அது அவவின்ர வேலைநாள் இல்லையே' என்று விட்டுவிட முடியாது. வேறொரு வேலைநாளை அதற்குப் பதிலாக விடுமுறையாக்கி அந்த 72 டொலரைக் கொடுக்கவேண்டும். அவர் எழுத்தில் சம்மதித்தால் பதில் நாள் இல்லாமல் பணத்தை மட்டும் கொடுக்கலாம்.

மறுபக்கம், திங்கட்கிழமை வேலைக்கு வருபவரின் நிலை. குடும்ப தினம், விக்ரோறியா தினம், தொழிலாளர் தினம், நன்றி நவிலல் தினம் நான்கும் திங்களில்தான் வரும். வழமையாக 120 டொலர் கிடைக்கும் நாளில் சட்டப்படி அவருக்குக் கிடைப்பது 72 டொலர். நாங்கள் வீட்டில் ஓய்வாக இருக்கும் நாளில் அவர் 48 டொலர் இழக்கிறார். முழு நாள் சம்பளத்தையே கொடுப்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் வருடத்துக்கு நான்கு திங்களுக்கும் கூடுதலாக ஆவது 192 டொலர்தான்.

விடுமுறைக்கு முந்திய வேலைநாளிலோ பிந்திய வேலைநாளிலோ நியாயமான காரணமின்றி வராமல் விட்டால் அந்த விடுமுறைப் பணம் கிடைக்காது. சுகவீனம் நியாயமான காரணம். விடுமுறையன்று வேலை செய்ய அவர் எழுத்தில் சம்மதித்தால், விடுமுறைப் பணத்தோடு வேலை செய்த நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டும். அல்லது வழமையான சம்பளமும் வேறொரு நாள் சம்பளத்துடன் விடுமுறையும் கொடுக்கவேண்டும்.

நாங்கள் ஊருக்குப் போனால்

லீவு எப்போது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சட்டம் தொழில் கொடுப்பவரிடம் விட்டிருக்கிறது. ஆகவே நாங்கள் ஊருக்குப் போகும் நான்கு கிழமையில் இரண்டை அவருடைய லீவு என்று கணக்கிடலாம். மிச்ச இரண்டு கிழமைக்கு? வேலை இல்லாத கிழமைக்குச் சம்பளம் கொடு என்று இந்தச் சட்டம் நேரடியாகக் கட்டாயப்படுத்தவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கொடுத்தே ஆகவேண்டும்.

சட்டம் விடுகிறது என்பதற்காகச் செய்துவிடலாமா? இரண்டு கிழமைக்கு மட்டும் வேறு வீடு அவருக்குக் கிடைக்காது. கிடைத்தால் திரும்பி வராமலும் விடலாம். டேகெயார் நடத்துபவர்கள் நாங்கள் ஊரில் நிற்கும் மாதத்துக்கும் இடத்தைப் பிடித்து வைக்கப் பணம் வாங்குகிறார்கள். நாங்கள் முறைப்படாமல் கட்டுகிறோம். அன்ரியும் எங்களுக்காக இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்.

நாங்கள் முன்வைக்கும் ஏற்பாடு: சட்டப்படியான இரண்டு கிழமையில் ஒன்றை நாங்கள் தெரிவு செய்வது, மற்றதை அவர் தெரிவு செய்வது. தன் மகளின் பட்டமளிப்புக்கும் அவருக்கு லீவு வேண்டும் அல்லவா. அதற்கு மேல் நாங்கள் இல்லாத கிழமைகளுக்கு முழுச் சம்பளம். முடியாத குடும்பம் அரைச் சம்பளமாவது கொடுப்பது, அதையும் மூன்று மாதம் முன்பே சொல்வது. ஒரு நாள் அம்மம்மா வந்து நிற்கிறார் என்பதற்காக வரவேண்டாம் என்று சொன்னால் அந்த நாளுக்கும் சம்பளம். வந்தபின் திருப்பி அனுப்பினால் சட்டமே தலையிடும்: வழமையாக மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்பவருக்குக் குறைந்தது மூன்று மணிச் சம்பளம் கொடுக்கவேண்டும்.

காய்ச்சலும் செத்தவீடும்

2018இல் ஒரு வருடம் மட்டும் ஒன்ராறியோவில் இரண்டு நாள் சம்பளத்துடன் அவசர லீவு இருந்தது. 2019 தை 1இல் அது நீக்கப்பட்டது. இப்போது இரண்டு கிழமை வேலை செய்தவருக்கு வருடத்தில் மூன்று நாள் சுகவீன லீவும், மூன்று நாள் குடும்பப் பொறுப்பு லீவும், இரண்டு நாள் துக்க லீவும் உண்டு. மூன்றும் சம்பளமில்லாதவை. சுகவீன லீவுக்கு டொக்ரர் துண்டு கொண்டு வா என்று கேட்பதற்கு 2024 ஐப்பசி 28 முதல் தடை.

சம்பளமில்லை என்றால் காய்ச்சலோடும் வருவார். அந்தக் காய்ச்சல் எங்கள் பிள்ளைக்குத்தான் தொற்றும். மூன்று நாளையாவது சம்பளத்துடன் கொடுப்பது எங்கள் பிள்ளைக்குச் செய்யும் காவலும் ஆகும். துக்க லீவு இரண்டு நாள் என்பது எங்கள் முறைக்குப் போதாது. செத்தவீடு, எட்டு, அந்தியேட்டி என்று நாட்கள் நீள்வதை நாங்கள் அறிவோம். தைப்பொங்கல், தீபாவளி, மாவீரர் நாள் மூன்றும் அவரது வேலைநாளில் வந்தால் சம்பளத்துடன் விடலாம். நாங்கள் லீவு போட்டுக் கொண்டாடும் அல்லது விளக்கேற்றும் நாளில் அவரும் தன் குடும்பத்தோடு நிற்கட்டும்.

கையில் காசு

'கையில தந்தால் இரண்டு பேருக்கும் நல்லம்' என்பது பழைய பேச்சு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த நாங்கள் உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் அப்படி வேலை செய்தவர்கள்தான். ஓய்வூதிய வயது வந்தபோது பதிவில் அந்த வருடங்கள் இல்லை என்று கண்டவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள்.

முறைப்படி என்றால் கனடா வருமான முகவரகத்தில் சம்பளக் கணக்கு ஒன்று திறந்து, ஓய்வூதியத் திட்டம், தொழில் காப்புறுதி, வருமான வரி ஆகியவற்றைக் கழித்துக் கட்டி, மாசி முடிவுக்குள் ரி4 கொடுக்கவேண்டும். எங்கள் உதாரணத்தில் வருடத்துக்கு 936 மணித்தியாலம் பதிவாகும். தொழில் காப்புறுதியின் சுகவீனக் கொடுப்பனவுக்கு 600 மணித்தியாலம் போதும், அது 26 கிழமை வரை கிடைக்கும். கையில் காசு வாங்கியவருக்கு நோய் வந்தால் அந்த 26 கிழமையும் இல்லை. சொந்தக்காரரை வேலைக்கு வைத்தால் தொழில் காப்புறுதி விதிகள் மாறலாம், முகவரகத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கிழமைக்கு 24 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்பவரை வேலைத்தலக் காப்புறுதிச் சபையிலும் பதியவேண்டும்.

எங்களுக்கும் நட்டமில்லை. ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 8,000 டொலர் வரை, அதற்கு மேல் பதினாறு வயது வரை 5,000 டொலர் வரை பிள்ளைப் பராமரிப்புச் செலவாக வருமானத்தில் கழிக்கலாம். அதற்குப் பராமரித்தவரின் சமூகக் காப்புறுதி இலக்கத்துடன் பற்றுச்சீட்டு வேண்டும்.

எழுதி வைக்கவேண்டியவை

வேலை தொடங்கும் நேரம், முடியும் நேரம், மணிச் சம்பளம் ஆகியவற்றை வீட்டுப் பணியாளருக்கு எழுதிக் கொடுப்பது சட்டக் கடமை. அதே தாளில் இவற்றையும் சேர்த்தால் பின்னர் மனக்கசப்பு வராது:

- லீவுப் பணம் எத்தனை வீதம், எப்போது கொடுக்கப்படும்
- லீவுக் கிழமைகளை யார் தெரிவு செய்வது, எவ்வளவு முன்பே சொல்வது
- பொது விடுமுறைக்குச் சட்டக் கணக்கா, முழு நாள் சம்பளமா
- நாங்கள் இல்லாத நாட்களுக்கு என்ன சம்பளம்
- சம்பளத்துடன் எத்தனை சுகவீன நாள், எந்தெந்தப் பண்டிகை நாள்

தமிழிலேயே எழுதுங்கள், இருவரும் ஒரு பிரதி வைத்திருங்கள். சம்பள விபரத்தை மூன்று வருடமும் லீவு விபரத்தை ஐந்து வருடமும் பாதுகாக்கவேண்டும். ஒரு கொப்பி போதும்.

வேலை முடியும் நாள்

நான்கு வயதாகும் வருடத்தின் புரட்டாதியில் பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். அன்ரியின் வேலையும் முடியும். அந்தத் திகதி எங்களுக்குப் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே தெரியும். மூன்று மாதத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒரு கிழமை, ஒரு வருடம் ஆனவருக்கு இரண்டு கிழமை, மூன்று வருடம் ஆனவருக்கு மூன்று கிழமை என்று எழுத்தில் முன்னறிவித்தல் கொடுக்கவேண்டும், அல்லது அதற்குரிய சம்பளத்தைக் கொடுக்கவேண்டும். அவர் சம்மதித்தாலன்றி லீவு நாட்களை முன்னறிவித்தல் காலத்துக்குள் அடக்க முடியாது. கொடுக்காமல் மிஞ்சியிருக்கும் லீவுப் பணம் ஏழு நாளுக்குள் அல்லது அடுத்த சம்பள நாளில், எது பிந்தியதோ அதற்குள் போய்ச் சேரவேண்டும்.

கிடைக்காதவர் இரண்டு வருடத்துக்குள் மாகாணத் தொழில் அமைச்சில் முறையிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை. உரிமையைக் கேட்டதற்காக அவரை நிற்பாட்டுவதும் சட்டவிரோதம். சந்தேகம் இருந்தால் இரு தரப்பும் 1-800-531-5551 என்ற அமைச்சின் இலக்கத்தில் கேட்கலாம்.

கடைசியாக, நாங்கள் பேச விரும்பாத ஒன்று. ஊரில் கடை, கந்தோர் ஊழியர்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வருடாந்த லீவு இருந்தது. எங்கள் வீடுகளில் வேலை செய்தவர்களுக்கு அது இருக்கவில்லை. மலையகத்திலிருந்து கூட்டிவரப்பட்ட பிள்ளைகள் எங்கள் குசினிகளில் வளர்ந்தார்கள். அவர்களையும் 'வீட்டு ஆள் மாதிரி' என்றுதான் சொன்னோம். அவர்கள் எப்போது தங்கள் தாயைப் பார்க்கப் போனார்கள் என்று எண்ணி வைத்தவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்?

இன்று எங்கள் பிள்ளைக்குத் தமிழில் முதல் சொற்களைச் சொல்லிக் கொடுப்பவர், இரண்டு பஸ் மாறிப் பனியில் வந்து சேரும் அந்த அன்ரிதான். அடுத்த முறை ஊருக்கு ரிக்கற் எடுக்கும்போது, பெட்டி கட்டுமுன், கொப்பியை எடுத்து அவரோடு மேசையில் இருந்து பேசுவோம். பேச்சை நாங்கள்தான் தொடங்கவேண்டும். அவர் தொடங்கமாட்டார்.